நூற்றெட்டு என்னும் எண்

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் நூற்றெட்டுப் போற்றி கூறி அருச்சனை செய்கின்றனர். நூற்றெட்டு மணிகள் கோத்த மாலையைக் கொண்டு திருநாமத்தை எண்ணுகின்றனர். வைணவத் திவ்விய தேசங்களும் நூற்றெட்டு என்றே போற்றப்படுகின்றன. நூறு என்னும் முழுமையான எண் இருக்க, அதனோடு எட்டினைச் சேர்த்தது எதனால் என்னும் ஐயம் பலர்க்கும் எழுவதுண்டு. அவ்வெண்ணின் இயல்பைக் கணக்கு வழியே சிறிது காண்போம்.

ஒன்றை ஒரு முறையும், இரண்டை இரு முறையும், மூன்றை மும்முறையும் வைத்துப் பெருக்கினால் (1×2×2×3×3×3) வருவது 108. ஆதலின் அது 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 27, 36, 54, 108 ஆகிய பன்னிரண்டு எண்களால் மீதியின்றி வகுபடும். நூறோ ஒன்பது எண்களால் மட்டுமே வகுபடும். மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். 54 மணி மாலை உடையவர் இரு சுற்றிலும், 27 மணி மாலை உடையவர் நான்கு சுற்றிலும் நூற்றெட்டை நிறைவு செய்வது இவ்வியல்பினாலேயாம். மாலையின் மேரு மணி எல்லையைக் காட்டுவது. அது எண்ணிக்கையில் சேராது.

இனி வான மண்டலத்தை நோக்குவோம். நம் முன்னோர் அதனைப் பன்னிரண்டு ராசிகளாகவும், இருபத்தேழு நட்சத்திரங்களாகவும் பகுத்தனர். இருபத்தேழைப் பன்னிரண்டால் வகுத்தால் மீதியின்றி வாராது. அவ்விரண்டு எண்களாலும் மீதியின்றி வகுபடும் எண்களுள் மிகச் சிறியது எது? அதுவே 108. பள்ளிக் கணக்கில் இதனை மீச்சிறு பொது மடங்கு என்பர். ஒவ்வொரு நட்சத்திரத்திற்கும் நான்கு பாதங்கள் எனின் 27×4=108. ஒவ்வொரு ராசிக்கும் ஒன்பது பாதங்கள் எனின் 12×9=108. அசுவினி நான்கு, பரணி நான்கு, கார்த்திகை முதற்பாதம் ஒன்று என ஒன்பது பாதங்கள் மேஷ ராசியில் அமைவதைப் பஞ்சாங்கத்தில் காணலாம். நூற்றெட்டின் சிறப்பிற்குப் பெரியோர் கூறும் விளக்கங்களுள் இதுவும் ஒன்று.

ஞாயிற்றிற்கும் பூமிக்கும் இடைப்பட்ட தொலைவு, ஞாயிற்றின் விட்டத்தைப் போல் சரியாக 108 மடங்கு என்று சிலர் கூறுவர். சராசரித் தொலைவு ஏறத்தாழ 14 கோடியே 96 இலட்சம் கிலோமீட்டர். விட்டம் ஏறத்தாழ 13 இலட்சத்து 92 ஆயிரம் கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய நூற்றேழரை வரும். திங்களுக்கு இவ்வாறு கணக்கிட்டால் ஏறக்குறைய நூற்றுப் பத்தரை வரும். இரண்டும் நூற்றெட்டை அடுத்து நிற்பவையே. எனினும் சரியாக நூற்றெட்டு அல்ல. மிகைப்படுத்திய சொல்லைப் பிள்ளைகள் பின்னர்க் கணக்கிட்டுப் பிழையெனக் கண்டால், மெய்யான சொல்லையும் ஐயுறுவர். ஆகவே அவர்க்கு உள்ளதை உள்ளவாறே உரைத்தல் நம் கடமையாகும்.

நாள்தோறும் மாலையை உருட்டும் அன்பர்கள் ஒருமுறை தம் இல்லத்துப் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, இப்பெருக்கலையும் வகுத்தலையும் செய்து பார்க்கச் சொல்வாராக. மேலும் ஒன்று கருதத்தக்கது. எண்ணிக்கை, மனம் சிதறாது நிற்றற்குத் துணை செய்யும் கருவியேயாகும். கை மணியைத் தள்ள மனம் வேறிடம் திரியுமாயின் நூற்றெட்டும் வெறும் எண்ணாகிவிடும். மனம் ஒன்றி எண்ணுவோமாக, இறையருள் பெறுவோமாக.