மேப்பிள் பாகும் கண்ணாடி மானியும்

ஆய்வகத்தில் திரவமானியை முதன்முதலாகக் கையில் வாங்கும் மாணவி, "எவ்வளவு இலேசாக இருக்கிறது!" என்று வியந்தபடியே அதை அளவு ஜாடிக்குள் நழுவ விடுவதுண்டு. ஜாடியில் நீர் குறைவாக இருந்தால் குமிழ் அடியில் மோதிச் சிதறும். நமக்கு நஷ்டம் ஒரு கருவியோடு முடிந்துவிடும். ஆனால் வட அமெரிக்காவில் மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் குடும்பங்களுக்கு அதே நழுவல் ஒரு நாள் உழைப்பையே கெடுத்துவிடக் கூடும். அவர்கள் இக்கருவியை எவ்வாறு பேணுகிறார்கள் என்பது நாமும் அறியத்தக்கது.

கனடாவின் கியூபெக் மாகாணமும், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலமும் இத்தொழிலுக்குப் பேர்போனவை. குளிர்காலம் விடைபெறும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் சில வாரங்களில்தான் சாறு வடியும். மரத்தில் துளையிட்டு, குழாய் செருகி அதைச் சேர்க்கிறார்கள். அச்சாறு நம் பதநீரைப் போல் தித்திக்கும் என்று எண்ண வேண்டாம். நூறு பங்கில் சுமார் இரண்டு பங்கே சர்க்கரை. 86 என்ற எண்ணைச் சாற்றின் சர்க்கரை விழுக்காட்டால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு தேவை என்பது தெரியும் என்பது அவர்களிடையே வழங்கும் பழைய கணக்கு. இரண்டு விழுக்காடு என்றால் 43 லிட்டர்! மீதியெல்லாம் ஆவியாகிப் போகவேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. பாகில் எடையளவில் 66 விழுக்காடு சர்க்கரையாவது இருக்க வேண்டும். குறைந்தால் பாகு நாளடைவில் புளிக்கும். மிகுந்தால் புட்டியின் அடியில் கற்கண்டுபோல் படிகம் கட்டும். தண்ணீரின் கொதிநிலையைவிட ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் மிகுந்தால் பதம் வந்துவிட்டது என்று வெப்பமானியால் அறியலாம். ஆனால் காற்றழுத்தம் மாறும்போது தண்ணீரின் கொதிநிலையும் மாறுகிறதே! ஆகவே முடிவான சோதனைக்குத் திரவமானியை நாடுகிறார்கள்.

கருவி நாம் அறிந்ததே. அடியில் குண்டுகள் இட்ட குமிழ். மேலே மெல்லிய தண்டு. தண்டினுள் அளவு குறித்த காகிதச் சுருள். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, அடர்ந்த பாகில் அது உயர்ந்து மிதக்கும்; நீர்த்த பாகில் ஆழ்ந்து நிற்கும். இதில் பிரிக்ஸ் அளவும், 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருந்தாளர் போமே வகுத்த அளவும் காணப்படும். பாகுக்கான மானியில் இரண்டு கோடுகள் உண்டு. அடுப்பிலிருந்து எடுத்தவுடன் பார்க்க ஏறத்தாழ 59 பிரிக்ஸில் 'சூட்டுக் கோடு', 15.6 டிகிரிக்கு ஆறியபின் பார்க்க 66 பிரிக்ஸில் 'குளிர் கோடு'. பாகு ஒன்றே, சூட்டில் விரிந்து அடர்த்தி குறைவதால்தான் இந்த வேறுபாடு.

இனிக் கையாளும் முறை. மானியைக் கொதிக்கும் கொப்பரையில் ஒருபோதும் நேராக விடக்கூடாது. கைப்பிடியுள்ள உயரமான உலோகக் குவளையில் பாகை மொண்டு, அதில்தான் விட வேண்டும். குவளையையும் மானியையும் முன்னதாகவே வெதுவெதுப்பாக்கிக் கொள்வார்கள். குளிர்ந்த குவளை பாகின் சூட்டை இழுத்துக்கொண்டால் சூட்டுக் கோடு பொய்யாகும். குளிர்ந்த கண்ணாடி கொதிக்கும் பாகைத் தொட்டால் விரிசல் காணலாம். குவளையை விளிம்புவரை நிரப்பி, தண்டின் நுனியைப் பிடித்து மெல்ல இறக்கி, அது தானே மிதக்கும் வரை விரல் விடுவதில்லை. பிறகு கண்ணைப் பாகின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எட்டிப் பார்த்து அளவு எழுதும் பழக்கம் நம் மாணவியரிடமும் உண்டு!

பார்த்தவுடன் வெந்நீரில் கழுவ வேண்டும். பச்சைத் தண்ணீரில் முக்கினால் 'டிக்' என்ற ஓசையோடு கருவி போய்விடும். கழுவாமல் குவளையிலேயே விட்டால் பாகு இறுகி ஒட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் தண்டுதான் கையோடு வரும். அப்போது குவளையோடு வெந்நீரில் ஊறவைப்பதே வழி. இவற்றைவிட நுட்பமான கேடு ஒன்று உண்டு. சாற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து மாலிக் அமிலத்தோடு கூடி 'சர்க்கரை மணல்' என்னும் படிவாகிறது. அது கண்ணாடிமேல் மெல்லிய ஏடாகப் படிந்தாலும் மானியின் எடை கூடும். மானி தாழ்ந்து நிற்கும். பதம் வந்த பாகும் வராததுபோல் தோன்றும். காய்ச்சுபவர் மேலும் காய்ச்சுவார்; பாகின் அளவு குறையும், படிகமும் கட்டும். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இவ்வளவு செய்கிறது. வெள்ளை வினிகரில் ஊறவைத்து, மென்துணியால் துடைத்து, வெதுவெதுப்பான நீரில் அலசினால் படிவு கரையும். மணலோ கம்பிநாரோ கொண்டு தேய்க்கக் கூடாது.

மானி குவளையில் உடைந்தால் அந்தக் குவளைப் பாகு மட்டும் வீண். கொப்பரையில் உடைந்தாலோ, கண்ணாடித் துகளும், பழைய கருவியானால் ஈயக் குண்டுகளும் கலந்துவிட்ட பாகு முழுவதையும் கொட்டிவிட வேண்டியதே. வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்பது ஆபத்தான சிக்கனம், ஈயம் நஞ்சு. ஆகையால் மயிரிழை விரிசல் கண்ட மானியையும் அவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள்.

வெர்மான்டில் விற்கும் ஒவ்வொரு மானியையும் அரசே சோதித்துத் தருகிறது. என்றாலும், உள்ளிருக்கும் காகிதம் அதிர்ச்சியால் சிறிது கீழே நழுவினால் சரியான மானியும் தவறாகக் காட்டும். அதனால் ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்தில் புதிய மானி ஒன்றையும் பழையதையும் ஒரே பாகில் மாற்றி மாற்றி மிதக்கவிட்டு ஒப்பிடுவது நல்லது. இரண்டும் ஒத்திருந்தால் பழையதை வேலைக்கு எடுத்துக்கொண்டு, புதியதைப் பஞ்சு வைத்த உறையில் இட்டு, யார் கையும் படாத அலமாரியில் வைத்துவிடலாம்.