விசையறிந்து தொகுப்போம்

சொந்தக் கணிப்பொறி இல்லாத நம் போன்ற மாணவர்க்குப் படத்தொகுப்புப் பயிலக் கிடைப்பது ஆய்வக நேரம் மட்டுமே. சுட்டியைக் கொண்டு ஒவ்வொரு கட்டளையாகத் தேடினால் அதுவும் வீணாகும். எனவே விசைகளைப் பழகுவோம்.

ஜே படத்தைப் பின்னோக்கி ஓட்டும், கே நிறுத்தும், எல் முன்னோக்கி ஓட்டும். ஐ தொடக்கத்தையும் ஓ முடிவையும் குறிக்கும். பிரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட் மூன்றுக்கும் இவை பொது. வெட்டும் கருவிக்கோ பிரீமியரில் சி. மற்ற இரண்டிலும் பி.

இவ்வேறுபாடு இடையூறானால் விசைகளை நாமே மாற்றியமைக்கலாம். விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட், கே மூன்றையும் ஒருசேர அழுத்தினால் பிரீமியரிலும் ரிசால்விலும் அதற்குரிய பலகை திறக்கும். மாற்றியதைத் தனிப்பெயரில் சேமித்தல் நலம். அடுத்து அமரும் மாணவர் பழைய அமைப்புக்கு எளிதில் திரும்பலாம்.

விரல் பழகிவிட்டால் கண் படத்தைவிட்டு அகலாது. வெட்ட வேண்டிய இடமும் தப்பாது.