எறும்பு ஏறும் பாட்டில்கள்

பார் கவுண்டருக்குள் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு ஒரு பழைய ஆள் சொல்வது

புதுச்சேரியில் ஓர் ஓட்டல் பாரில் முப்பத்திரண்டு வருஷம் நின்றவன் நான். விஸ்கி, பிராந்தி, ரம் ஊற்ற உனக்கு ஒரு வாரத்தில் கை பழகிவிடும். உன்னை மாட்டிவிடப் போவது மேல்தட்டில் பச்சையும் ஆரஞ்சும் பழுப்புமாக நிற்கும் லிக்யூர் பாட்டில்கள்தான்.

1. லிக்கர் வேறு, லிக்யூர் வேறு. முதலாவது எல்லாச் சாராய வகைக்கும் பொதுப்பேர். இரண்டாவது, வடித்த சாராயத்தில் பழம், மூலிகை, காபி என்று எதன் வாசனையையாவது ஏற்றிச் சர்க்கரை சேர்த்தது. ஐரோப்பியச் சட்டப்படி பெரும்பாலான லிக்யூர்களில் லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். சட்டம் படிக்காத எறும்புக்கும் இது தெரியும். ரம் பாட்டிலைத் தாண்டிப் போய் லிக்யூர் மூடியில்தான் மொய்க்கும்.

2. இனிப்பாக இருப்பதால் வீரியம் குறைவு என்று நினைக்காதே. லேபிளில் சதவீதத்தைப் பார். பெய்லிஸ் 17. ஆரஞ்சுத் தோல் மணக்கும் குவாந்த்ரோ 40. பிரான்ஸில் கார்த்தூசியத் துறவிகள் 130 மூலிகைகள் சேர்த்துச் செய்யும் பச்சை ஷார்த்ரூஸ் 55. நம் ஊர் விஸ்கியே 42.8தான். துறவி செய்தது என்பதால் அது சாதுவாகிவிடாது.

3. 'கிரீம்' என்ற பேரைப் பார்த்து ஏமாறாதே. புதினா மணக்கும் கிரீம் டி மென்தேயில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. அந்த பிரெஞ்சுப் பேருக்குச் சர்க்கரை அதிகம், பாகு மாதிரி இருக்கும் என்றுதான் அர்த்தம். பெய்லிஸில் இருப்பது நிஜப் பாலாடை. அதில் எலுமிச்சை பிழிந்தால் பால் திரிவது போலத் திரிந்துவிடும். கஸ்டமர் கேட்டாலும் செய்யாதே. திரிந்த கிளாஸ் உன் கைக்குத்தான் திரும்பி வரும்.

4. ஒரே கிளாஸில் மூன்று நிறம் அடுக்கடுக்காக நிற்பது மந்திரமில்லை. சர்க்கரை கூடினால் கனம் கூடும், சாராயம் கூடினால் கனம் குறையும். அதனால் காபி லிக்யூர் அடியில், பெய்லிஸ் நடுவில், குவாந்த்ரோ மேலே. பார் ஸ்பூனைக் கவிழ்த்து, நுனி கிளாஸ் சுவரைத் தொடும்படி பிடித்து, அதன் முதுகு மேல் நூல் பிடித்தாற்போல ஊற்று. அவசரப்பட்டால் சேற்றுத் தண்ணீர்தான் கிடைக்கும். ஒரே வகை என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி சர்க்கரை மாறும். புது பாட்டில் வந்தால் கஸ்டமர் வருவதற்கு முன்னாலேயே ஒருதடவை அடுக்கிப் பார்த்துக்கொள்.

5. ராத்திரி கடை மூடுமுன் ஒவ்வொரு லிக்யூர் பாட்டிலின் கழுத்தையும் வெந்நீர்த் துணியால் துடை. சர்க்கரை காய்ந்தால் மூடி திறக்காது. திறந்த வெர்மூத்தை ஃபிரிட்ஜில் வை. அது ஒயின் ஜாதி, வெளியில் வைத்தால் ருசி கெட்டுவிடும்.

6. பெக் மெஷரைக் கையிலிருந்து இறக்காதே. கண்ணளவு பெருமை வேண்டாம். இந்தக் கணக்கையும் மனப்பாடம் செய்துகொள். 42.8 சதவீதத்தில் 30 மில்லி, அதாவது ஒரு ஸ்மால், ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி குடித்தவர் நான்கு ஸ்மால் குடித்திருக்கிறார். 'பீர்தானே' என்று அவர் சொல்லலாம், நீ சொல்லக் கூடாது.

7. ருசி தெரியாமல் விற்க முடியாது, உண்மை. ஸ்ட்ரா நுனியில் ஒரு சொட்டு எடு, நாக்கில் வை, துப்பு. வேலை நேரத்தில் அதற்கு மேல் போனவர்கள் யாரும் இந்தத் தொழிலில் நிலைத்ததை நான் பார்த்ததில்லை.

8. பில் இல்லாத சரக்கை, யார் கொண்டுவந்தாலும், எவ்வளவு மலிவானாலும், உள்ளே விடாதே. மெத்தனால் கலந்திருந்தால் நாக்கும் மூக்கும் காட்டிக்கொடுக்காது. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைப் பிடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது அந்த மெத்தனாலால்தான். நம் பாட்டிலிலேயே போலிச் சரக்கை அடைத்து விற்காதபடி, காலி பாட்டில்களின் லேபிளைக் கிழித்த பிறகே பழைய பேப்பர்காரரிடம் போடு.

9. மோர், கருப்புக் காபி, தலையில் பச்சைத் தண்ணீர் எதுவும் போதையை இறக்காது. ஒரு ஸ்மாலைக் கரைக்க ஈரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமாவது வேண்டும். கேட்காமலே தண்ணீர் வை. வண்டிச் சாவி டேபிளில் கிடந்தால் ஆட்டோவைக் கூப்பிடு.

10. இதை ஏன் இத்தனை சொல்கிறேன் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒருவர் வந்தார். மகன் பரீட்சையில் தேறிய சந்தோஷம். குடித்துப் பழக்கமில்லை, கசக்காமல் ஏதாவது கொடு என்றார். லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ கலந்து கொடுத்தேன். வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு லிக்யூர் ஐந்தும் 15 மில்லி வீதம், மேலே எலுமிச்சையும் கோலாவும். பார்க்க டீ, குடிக்க ஜூஸ், கணக்கில் இரண்டரை ஸ்மால். அவர் மூன்று கிளாஸ் குடித்தார். நானும் சிரித்த முகத்தோடு மூன்று கொடுத்தேன். படியில் விழுந்து முன்பல் இரண்டு போயிற்று.

மறுநாள் காலை அவர் மனைவி வந்தார். சண்டை போடவில்லை. படிக்கட்டில் விழுந்த அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ஜூஸ் மாதிரிதான் இருந்துச்சுன்னு சொல்றாருப்பா" என்றார்.

கசக்காமல் கேட்கிறவர் உன்னிடமும் வருவார். கிளாஸை நீட்டுமுன் அதில் எத்தனை ஸ்மால் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடு.