கோவளத்தில் கயாக்: அலை உடையும் இடத்தைத் தாண்டுவது எப்படி?

கயாக்கில் கடலுக்குப் போகிறவர்கள் நடுக்கடலில் தடுமாறுவது அபூர்வம். கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டருக்குள், அலை உடையும் இடத்தில்தான் கவிழ்கிறார்கள். போகும்போது கவிழாதவர்கள் திரும்பும்போது கவிழ்கிறார்கள். அதைத் தாண்டிவிட்டால் துடுப்புப் போடுவது அரை மணி நேரத்தில் கைவந்துவிடும். எனவே இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்த நாற்பது மீட்டரைப் பற்றியதுதான்.

குரோஷியாவின் டுப்ரோவ்னிக் கோட்டைச் சுவருக்கடியில் வரிசையாகக் கயாக் போகும் படங்களைப் பார்த்துவிட்டு ஆசையோடு வருகிறவர்கள் பலர். மத்தியதரைக் கடலில் ஓதம் ஏறி இறங்குவது மிகக் குறைவு. பாறைக் குடாக்கள் காற்றையும் அலையையும் தடுத்துவிடும். கோடைக் காலைகளில் தண்ணீர் ஏரிபோலக் கிடக்கும். அங்கே படகில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து உல்லாசம்தான். நம் சென்னைப் பக்கத்துக் கரை வங்காள விரிகுடாவுக்கு நேராகத் திறந்து கிடக்கும் மணற்கரை. கரைக்கு அருகிலேயே சட்டென ஆழம் கூடுவதால் அலை கடைசி நொடியில் நிமிர்ந்து, குப்புற விழுந்து உடையும். கோவளத்தில் நிலம் கடலுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதால் ஓரளவு மறைவு கிடைக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் கடல் கயாக் பழக அதைவிட நல்ல இடம் இல்லை என்கிறேன். கோவளம் மீனவரான மூர்த்தி மேகவன் 2012இல் அங்கே சர்ஃப் பள்ளி தொடங்கிய பிறகு, அலையோடு வளர்ந்த மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பயிற்சியாளர்களாகிவிட்டார்கள். தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்றும் 2021இல் அந்தக் கரைக்குக் கிடைத்தது.

முதலில் பருவம். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை காலைக் கடல் அமைதியாக இருக்கும். முதல் பயணத்துக்கு அதுதான் காலம். மே தொடங்கித் தெற்கிலிருந்து வரும் அலை வலுக்கும். கோவளத்தில் சர்ஃப் போட்டிகளை ஆகஸ்ட் வாக்கில் வைப்பது அந்த அலையை நம்பித்தான். அவர்களுக்கு நல்ல அலை என்றால் உங்களுக்கு அது வேண்டாத அலை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. எந்த மாதமானாலும் முதல்நாள் இரவு வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். மீனவர்கள் போகாத அன்று நீங்களும் போகக்கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

நம் பெரும்பாக்கத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும். சோழிங்கநல்லூர் சந்திப்பைத் தாண்டி நேரே அக்கரை, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே உத்தண்டி, முட்டுக்காடு பாலம், கோவளம். மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆரில் கேளம்பாக்கம் வரை போய்ச் சுற்றுவதை நான் விரும்புவதில்லை. கிளம்பும் முன் இரண்டு இட்லி, இல்லாவிட்டால் ஒரு வாழைப்பழம். பொங்கல், பூரி எல்லாம் திரும்பி வந்த பிறகு. முந்தைய இரவு குடித்தவரை ஏற்றக்கூடாது, நண்பரானாலும் சரி.

உடை: சீக்கிரம் காயும் முழுக்கைச் சட்டை, லெகிங்ஸ் அல்லது அரைக்கால் சட்டை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காலைத் தூக்கிப் படகில் போட முடியாது. துப்பட்டாவும் வேண்டாம். மூக்குக்கண்ணாடிக்குப் பின்பக்கம் கயிறு. செருப்பு என்றால் குதிகாலில் வார் உள்ளது. கைப்பேசியும் தாலிச் சங்கிலியும் கரையில் இருப்பவரிடம்.

இப்போது கைடு. பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில. ஒரு கைடுக்கு எத்தனை கயாக்? முதல்முறை போகிறவர்களுக்கு நாலுக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். இழுவைக் கயிறு வைத்திருக்கிறாரா? விசில் சைகைகளைக் கரையிலேயே சொல்லித் தருகிறாரா? உங்களுக்கு நீச்சல் தெரியாவிட்டால் அதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மறைப்பதால் அவருக்கும் ஆபத்து. நல்ல கைடு அதைக் கேட்டதும் முகம் சுளிக்க மாட்டார், திட்டத்தைத்தான் மாற்றுவார்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பட்டைகளை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் தண்ணீரில் உங்கள் முகத்தை மூடும். மறுபடி இறுக்குங்கள்.

கடலுக்கு முன் ஒரு நாள் முட்டுக்காடு உப்பங்கழி. இதை ஆலோசனையாக அல்ல, நிபந்தனையாகவே வைத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் போடுவது அங்கே பழகும் என்பது உண்மைதான், ஆனால் போவது அதற்காக அல்ல. விழுந்து மறுபடி ஏறக் கற்றுக்கொள்வதற்காக. கோவளத்தில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மேலே உட்காரும் கயாக்குகள். நம் கட்டுமரத்தில் மர இடுக்குகள் வழியே தண்ணீர் வடிவதுபோல, இவற்றிலும் துளைகள் வழியே தண்ணீர் தானே இறங்கிவிடும்; மூழ்காது. எனவே கவிழ்வதில் அச்சமில்லை. கவிழ்ந்தபின் ஏறத் தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பதில்தான் ஆள் ஓய்ந்துபோகிறார்.

ஏறும் முறை இது. விழுந்ததும் முதலில் கயாக்கைப் பிடியுங்கள், துடுப்பு அடுத்தது. கயாக் தலைகீழாகக் கிடந்தால் அதன் நடுப்பகுதிக்கு வந்து, அடிப்பக்கத்தின் மேலே கைநீட்டி எதிர்விளிம்பைப் பற்றி, முழங்காலை இந்தப்பக்க விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாயுங்கள். திரும்பிவிடும். இனி முக்கியம்: தண்ணீரில் செங்குத்தாகத் தொங்கியபடி கையால் உடம்பைத் தூக்கப் பார்க்காதீர்கள். எவ்வளவு பெரிய பலசாலிக்கும் அது நடக்காது, கால்கள் கயாக்குக்கு அடியில் போய்விடும். கால்களைப் பின்னால் நீட்டி உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். உதைத்துக்கொண்டே இருக்கைக்குக் குறுக்கே நீச்சலடிப்பதுபோல ஏறி, தொப்புள் இருக்கைக்கு மேல் வரும்வரை நிற்காதீர்கள். குப்புறப் படுத்த நிலையில் ஒரு கணம் மூச்சு விடுங்கள். பிறகு மல்லாந்து புரண்டு பின்புறத்தை இருக்கையில் வையுங்கள். கால்கள் கடைசியில். காலை முதலில் போடுகிறவர் ஒவ்வொருவரும் மறுபக்கம் விழுகிறார். இரட்டைக் கயாக் என்றால் ஒருவர் ஏறும்போது மற்றவர் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். கைடு உதவாமல் தொடர்ந்து மூன்று முறை ஏறிவிட்டால் நீங்கள் கடலுக்குத் தயார்.

உப்பங்கழிக்கு ஓர் எச்சரிக்கை. பெரும்பாக்கத்தில் பெய்யும் மழை பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில்தான் கடலைச் சேர்கிறது. கூடவே வழியெல்லாம் சேர்ந்த கழிவுநீரும் வரும். நம் தெருவில் தண்ணீர் தேங்கி வடிந்த வாரத்தில் அங்கே இறங்காதீர்கள். முகத்துவாரப் பக்கம் எந்த நாளிலும் போகவேண்டாம். தண்ணீர் கடலுக்கு இழுக்கும்.

துடுப்புக்கு ஒரு வரி போதும்: குழிந்த பக்கம் உங்களை நோக்கி இருக்கட்டும், கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி இழுங்கள். இரட்டைக் கயாக்கில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவர் தாளம் போடுவார், பின்னால் இருப்பவர் அதற்கு ஒத்துப்போய்த் திசை பார்ப்பார். இதைக் கரையிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி என்றால் கட்டாயம்.

இனி அந்த நாற்பது மீட்டர்.

கரையில் பத்து நிமிடம் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறியவை சில, பிறகு பெரியவை நாலைந்து கூட்டமாக, பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளிதான் உங்கள் வாசல். பெரிய கூட்டத்தின் கடைசி அலை உடைந்த கையோடு புறப்பட வேண்டும். கடல் அமைதியாகிவிட்டதே என்று கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்புகிறவர் அடுத்த கூட்டத்தின் வாயில் போய் நிற்பார்.

கயாக்கின் மூக்கு நேராகக் கடலைப் பார்த்திருக்க வேண்டும். முழங்கால் ஆழம் வரை பக்கத்தில் நடந்து தள்ளுங்கள். கயாக் குறுக்கே திரும்பினால் நீங்கள் கடல் பக்கம் வந்துவிடுங்கள். கரைக்கும் கயாக்குக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். முப்பது கிலோ பிளாஸ்டிக்கை அலை பக்கவாட்டில் தூக்கி அடித்தால் முழங்கால் போகும். கரையில் நடக்கும் காயங்களில் மோசமானவை இப்படி நடப்பவைதான், அதுவும் கயாக்கைக் காப்பாற்றப் போய். விட்டுவிடுங்கள், அது தானே கரைக்கு வரும்.

கைடு சொன்னதும் பின்புறத்தை இருக்கையில் வைத்து, காலை உள்ளே இழுத்து, உடனே துடுப்புப் போடுங்கள். இருக்கையைச் சரிசெய்வது, தலைமுடி ஒதுக்குவது எல்லாம் அப்புறம். அலை நெருங்கும்போது எல்லோருக்கும் கை நின்றுவிடும். துடுப்பை மார்புக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு பின்னால் சாய்வார்கள். இரண்டும் தவறு. குறுக்கே பிடித்த துடுப்பை அலை உங்கள் முகத்திலேயே மோதச் செய்யும். நின்ற கயாக்கை அலை திருப்பிவிடும். முன்னால் குனிந்து, துடுப்பைப் பக்கத்தில் தண்ணீருக்குள் ஆழமாகப் போட்டு, அலை நெஞ்சில் அடிக்கும் அந்த நொடியிலும் இழுத்துக்கொண்டே இருங்கள். தண்ணீருக்குள் இருக்கும் துடுப்புதான் உங்கள் பிடிமானம். கைடு பின்னாலிருந்து கத்துவது வழக்கமாக இதுதான்: “அக்கா, நிறுத்தாதீங்க! என்னைப் பார்க்காதீங்க, அலையைப் பாருங்க!”

அலை உடையும் இடத்தைத் தாண்டிய பிறகும் இன்னும் இருபது இழுப்பு போட்டுவிட்டுத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அதன்பின் கடல் உங்களுடையது. கோவளம் முனையும் தர்காவும் கடலிலிருந்து பார்க்கும்போது வேறோர் ஊராகத் தெரியும்.  வலை மிதவைகளைக் கண்டால் கடல் பக்கமாக நன்றாக விலகிச் சுற்றுங்கள். வலையின் மேல் துடுப்புப் படக்கூடாது, அது ஒருவருடைய அன்றைய வருமானம். ஃபைபர் படகு வந்தால் அதற்கே வழிவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் தலைதூக்கும். கிட்டே துரத்திப் போகாமல் துடுப்பை நிறுத்திப் பாருங்கள், அதுவே கொஞ்ச நேரம் மிதந்து காட்டும்.

இரண்டு காற்றுகளை அறிந்திருக்க வேண்டும். அதிகாலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று கரையோரம் மென்மையாக இருக்கும். வெளியே போகப் போகத் தள்ளும். போவது சுலபமாக இருப்பதாலேயே தூரம் தெரியாது. எதிரே அடுத்த கரை அந்தமான். எனவே கரையில் நிற்கும் மனிதரின் கையசைப்புத் தெரியும் தொலைவுக்குள், கரைக்கு இணையாகப் போங்கள். வெயில் ஏறிய பின் கடற்காற்று திரும்பி வீசி அலையைக் கிளப்பும். ஒன்பது மணிக்குள் கரையில் இருங்கள். நீரோட்டம், மீனவர்கள் சொல்லும் வெள்ளம், ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை வடக்கு நோக்கியும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தெற்கு நோக்கியும் ஓடும். அன்றைய நிலவரத்தைக் கரையில் வலை உதறுகிறவரிடம் கேளுங்கள். “இன்னிக்கு வெள்ளம் எந்தப் பக்கம்ணே?” என்றால் நின்று விளக்குவார்கள். முதல் பாதி எதிர்த்துப் போங்கள், களைத்த பாதியில் அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

திரும்புவது போவதைவிடக் கடினம். ஏனென்றால் அலை முதுகுக்குப் பின்னால் வருகிறது. உடையும் இடத்துக்கு வெளியே நின்று, கழுத்தைத் திருப்பிப் பெரிய கூட்டத்தைப் போகவிடுங்கள். கைடு ஒவ்வொருவராக விசில் கொடுத்து அனுப்புவார்; இருவர் சேர்ந்து வரக்கூடாது. ஓர் அலை உங்களுக்கடியில் போனதும் அதன் முதுகைத் துரத்துங்கள். முதுகில்தான் இடம் உண்டு, முகத்தில் அல்ல. பின்னால் அடுத்தது எழுந்தால் முன்னோக்கி வேகமெடுக்காமல் பின்னோக்கித் துடுப்புப் போட்டு அதை முன்னால் விடுங்கள். அலையின் முகத்தில் சறுக்கி வருவது சர்ஃப் பழகியவர்களின் வேலை.

அப்படியும் கயாக் குறுக்கே திரும்பிவிட்டால் உடம்பு தானாகக் கரைப்பக்கம் சாயும். அந்தச் சாய்வுதான் கவிழ்க்கிறது. மனதுக்குப் பொருந்தாவிட்டாலும் அலையின் பக்கமே சாய்ந்து, துடுப்பை அந்த வெண்நுரையின் மேல் தட்டையாக அழுத்துங்கள். நுரை உங்களைத் தாங்கும். கயாக் பக்கவாட்டிலேயே வழுக்கிக் கரைக்கு வந்து நிற்கும். விழுந்தே தீரவேண்டும் என்றால் கடல் பக்கம் விழுங்கள். தலைகுப்புறப் பாயக்கூடாது, கீழே இடுப்பளவுகூடத் தண்ணீர் இருக்காது. ஒரு கையால் தலையை மறைத்து மேலே வாருங்கள்.

மூக்கு மணலைத் தொட்டதும் களைப்பில் அப்படியே உட்கார்ந்துவிடாதீர்கள். அடுத்த அலை பின்னால் இருக்கிறது. பக்கவாட்டில் இறங்கி, முன்கைப்பிடியைப் பற்றி, ஈரமணல் முடியும் இடம் வரை இழுத்துப் போடுங்கள். துடுப்பையும் ஜாக்கெட்டையும் நீங்களே நன்னீரில் கழுவிக் கொடுங்கள். எங்கே கை ஓய்ந்தது, எந்த அலையில் பயம் வந்தது என்பதைக் கைடிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த தடவை எந்த மாதம், எவ்வளவு தூரம் என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.