ஆழியினுள்ளே ஓர் ஒற்றன்

கடலுக்கு நம் மொழியிலுள்ள பெயர்களை எண்ணப் புகின் ஒரு பாடவேளை போதாது. 'பரவை' என்னுமிடத்து அதன் பரப்பும், 'ஆழி' என்னுமிடத்து அதன் ஆழமும் நம் மனக்கண்முன் தோன்றும். பரவையை இன்று செய்மதிகள் வானிலிருந்து அளந்துவிடுகின்றன. ஆழியோ அவற்றின் பார்வைக்கு எட்டுவதில்லை. கப்பலேறிச் சென்று கருவிகளை இறக்கி அளக்கலாம். ஆயின் அதற்காகும் பொருட்செலவு பெரிது. அளப்பதும் சென்ற இடத்தில், சென்ற நாளில் மட்டுமே.

இக்குறையை நீக்க எழுந்ததே ஆங்கிலத்திற் 'கிளைடர்' எனப்படும் ஆளில்லாக் கலம். தமிழாசிரியன் என்ற உரிமையால் இதனை 'நீர்வழுக்கி' என வழங்குகின்றேன். இதனினும் நல்ல பெயர் காண்போர் தருக. அமெரிக்கக் கடலறிஞர் ஹென்றி ஸ்ரொமல் 1989ஆம் ஆண்டில், இத்தகைய கலங்கள் கூட்டமாக உலகக் கடல்களை அளக்கும் எதிர்காலத்தைக் கற்பனைக் கட்டுரையாகத் தீட்டினார். அவர் நண்பர் டக்ளஸ் வெப் அதனைச் செய்து காட்டினார். பாய்க்கப்பலில் தன்னந்தனியே உலகை வலம்வந்த ஜோசுவா ஸ்லோக்கத்தின் பெயரே அக்கலத்துக்கு இடப்பட்டது. அம்மாலுமிக்கு நீந்தத் தெரியாது என்பர்!

நீர்வழுக்கியைச் செலுத்தச் சுழல்விசிறி வேண்டுவதில்லை. ஆக்கிமிடிசின் தத்துவமே அதனை இயக்குகின்றது. கலத்தினுள் இருக்கும் எண்ணெயை வெளிப்புறத்துப் பைக்குள் தள்ளினால், நிறை மாறாதிருக்கக் கனவளவு பெருகும், கலம் மேலெழும். எண்ணெயை உள்ளிழுத்தால் அமிழும். இருபுறத்துச் சிறகுகளும் இவ்வேற்றத்தையும் இறக்கத்தையும் முன்னோக்கிய ஓட்டமாக மாற்றுகின்றன. மின்கலத்தொகுதியை முன்பின் நகர்த்தி மூக்கைத் தாழ்த்தவும் உயர்த்தவும் கூடும். வேகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரே. நடந்துசெல்லும் சிறுவனும் இதனை முந்துவான். ஆயினும் செலவாகும் மின் மிகச் சிறிதாதலின் மாதக்கணக்கில் ஓயாது உழைக்கும்.

மூழ்கியும் எழுந்தும் செல்லும் வழியெல்லாம் நீரின் வெப்பநிலை, உவர்த்தன்மை, அமுக்கம் ஆகியவற்றை அளந்து, மேற்பரப்புக்கு வந்ததும் செய்மதி வழியே கரைக்கு அறிவிக்கும். நீரோட்டத்தை அளக்கும் வகையோ மிக நயமானது. திசையையும் வேகத்தையுங் கொண்டு தான் எழவேண்டிய இடத்தைக் கலம் முன்னரே கணித்துவைக்கும். எழுந்த இடம் வேறாயின், அவ்வேறுபாடு நீரோட்டம் இழுத்துச் சென்ற தூரமாகும். மாணவர்காள், பிழையே ஓர் அளவையாவதைக் காண்மின்!

2008ஆம் ஆண்டில் றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்க அனுப்பிய நீர்வழுக்கி அசோர்சுத் தீவுகளை நெருங்குகையிற் காணாமற்போயிற்று. அவர்கள் தளரவில்லை. 2009 ஏப்பிரல் 27இல் நியூ யேர்சிக் கரையிலிருந்து இன்னொன்றை விடுத்தனர். 'ஸ்காலற் நைற்' என்னும் அக்கலம் 221 நாள்களில் ஏறத்தாழ 7,400 கிலோமீற்றர் கடந்து ஸ்பானிய நாட்டுக் கரையை அடைந்தது. அதனை வழிநடத்தியவருட் பட்டப்படிப்பு மாணவரும் இருந்தனர்.

நமக்கு இதனால் ஆவதென்ன எனின், வங்காள விரிகுடாவை நோக்குக. பேராறுகளும் பெருமழையும் சொரியும் நன்னீர் அதன் மேலே இலேசான போர்வையாய்ப் படர்ந்துள்ளது. சூறாவளி கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்நீர் மேலெழுந்து அதன் வலிமையைக் குறைத்தல் இயல்பு. நன்னீர்ப் போர்வை தடித்திருப்பின் அக்கலப்பு எளிதில் நிகழாது. புயலுக்கு வெப்பம் குன்றாமற் கிடைக்கும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை முதியோர் இன்றும் மறந்திலர். அத்தகைய புயல் எத்துணை வலுக்கும் என்று முன்னறிய, கடலின் மேற்புறத்து வெம்மையை மட்டும் அறிதல் போதாது.

2016ஆம் ஆண்டு ஆனி, ஆடி மாதங்களில் இந்திய, பிரித்தானிய அறிஞர்கள் 'சிந்து சாதனா' என்னும் ஆய்வுக்கப்பலிற் சென்று, நம் நாட்டுக்குக் கிழக்கே வட அகலக்கோடு 8 பாகையை ஒட்டி நீர்வழுக்கிகளை விடுத்தனர். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையிலிருந்து நேர்கிழக்கே சென்றால் அக்கோட்டைச் சேரலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக் கடலின் உவர்நீர் இலங்கையின் தென்கரையைச் சுற்றிவந்து, விரிகுடாவின் நன்னீருக்கு அடியிற் புகுந்து வடக்கே செல்வதை அவை மூழ்கி மூழ்கி அளந்தன. நம் கரையிலிருந்து நோக்கும் மீனவர்க்கு அக்கடல் முழுவதும் ஒரே நீராகவே தோன்றும்.