கான்சாகிபின் பெருந்தவறு எது?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பாளையக்காரர் போர்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், நெற்கட்டும்செவல் பாளையக்காரரான பூலித்தேவரைப் பிடித்து அழித்த துரோகி என்ற பழி கான்சாகிபு எனப்பட்ட முகமது யூசுப் கான் மீது விழுகிறது. மருதநாயகம் என்ற பெயரில் அவரைத் தொடக்கம் முதலே விடுதலை வீரராகப் போற்றுவோரும் உளர். இரண்டு நம்பிக்கைகளும் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனியாததால் எழுந்தவை.

1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலைத் தாக்கித் தோற்றபோது கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், சிப்பாய்களுக்குத் தலைவராக இருந்த யூசுப் கான், 1761 மே மாதத்தில் அதே கோட்டையையும் வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளையும் கைப்பற்றினார் என்பது உண்மைதான். ஆனால் பூலித்தேவர் அவர் கையில் சிக்கவில்லை. யூசுப் கான் 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்ட பிறகு பூலித்தேவர் திரும்பி வந்து மீண்டும் போரிட்டார். 1767இல் வாசுதேவநல்லூரை வீழ்த்தியவர் காம்ப்பெல் என்ற வெள்ளைத் தளபதி. கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட பூலித்தேவர், சங்கரநாராயணர் கோயிலில் வழிபட அனுமதி கேட்டு உள்ளே சென்றார் என்றும், விலங்குகள் தெறித்து விழ அவர் சோதியில் மறைந்தார் என்றும் சங்கரன்கோவில் மக்கள் சொல்லி வருகின்றனர். அவர் மறைந்த இடமாக ஓர் அறை இன்றும் கோயிலுக்குள் காட்டப்படுகிறது. மக்கள் நெஞ்சில் நிற்கும் அந்த வழக்கின்படி பார்த்தாலும், அந்நாளில் யூசுப் கான் உயிரோடு இல்லை.

விடுதலை வீரர் என்ற கூற்றும் முழுமையாக நிற்பதன்று. 1758-59இல் பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டபோது கும்பினிக்காக அவர்களை அலைக்கழித்தவர் அவரே. வரி தண்டும் உரிமையான குத்தகையின் பேரில் மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டுவந்த அவரை ஆர்க்காட்டு நவாப் முகமது அலி அடக்க முயன்று, கும்பினியும் நவாபின் பக்கம் சாய்ந்த பின்னரே, 1763இல் அவர் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

ஆகவே அவருடைய மிகப் பெரிய தவறு துரோகமும் அன்று, கலகமும் அன்று. கும்பினியை எதிர்க்கும் நாள் வந்தால் தோள்கொடுக்கக்கூடிய, பூலித்தேவர் போன்றோரின் மேற்குப் பாளையங்களைக் கும்பினிக்காகத் தாமே நொறுக்கியதுதான். பூலித்தேவரிடமிருந்து பிரிப்பதற்காகக் களக்காட்டைக் கொடுத்து நட்பாக்கிய திருவிதாங்கூரையும் அவர் பின்னர்ப் பகைத்துக்கொண்டார். இந்தத் துணைகளை இழந்ததன் அளவு, கும்பினியும் நவாபும் அவருக்கெதிராக நடத்திய மதுரை முற்றுகையில்தான் தெரிந்தது. 1764 ஜூன் மாதத்தில் நேரடித் தாக்குதலை முறியடித்து வீரத்தில் குறையாமல் நின்ற அக்கோட்டை, வெளியிலிருந்து வழிதிறக்க ஒரு படையும் வராமல், உணவின்றித் தளர்ந்தது. பசியால் வாடிய அக்கோட்டைக்குள் அவரைப் பிடித்துக் கட்டியவர்கள் அவர் ஒடுக்கிய பாளையக்காரர்கள் அல்லர். அவருடைய திவான் சீனிவாச ராவும், துணைக்கு வந்திருந்த பிரெஞ்சுத் தளபதி மார்ச்சாந்தும் ஆவர்.