நோயுற்றோர் உரிமையும் நம் நாவடக்கமும்



நம் இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாட்டின் பல பாகங்களிலுள்ள மருத்துவமனைகளுக்குச் செல்கிறது என்பது யாவரும் அறிந்ததே. அத்துணி காயத்தின்மேல் தூசி படாமலும் ஈ மொய்க்காமலும் மூடிக் காக்கிறது. மருந்திட வேண்டியவர் மட்டுமே அதைப் பிரித்துப் பார்க்கிறார். நோயாளி தம் மருத்துவரிடம் சொல்லும் செய்தியும் அவ்வாறே மூடிக் காக்கப்பட வேண்டிய ஒன்றாகும். அவ்வாறு காப்பது இரக்கத்தின் பாற்பட்டது மட்டுமன்று, அது நோயாளியின் உரிமை. அவ்வுரிமை யாது, சட்டம் அதற்கு என்ன துணை செய்கிறது, நம் கடமை என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஏன் மறைவு வேண்டும்?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவர் என்பவை அந்நான்கு. இவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டவர் நோயாளியே. அவர் வாய்திறந்து உண்மை சொன்னால்தான் மற்ற மூன்றும் பயன்படும்.

மூன்று வாரமாக இருமல் நிற்காத ஒரு மில் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். காசநோயாக இருக்குமோ என்ற ஐயம் அவருக்கே உண்டு. ஆயினும் அரசு மருத்துவமனைக்குப் போக அஞ்சுகிறார். “சளிப் பரிசோதனைக்கு நின்றதை யாராவது பார்த்துவிட்டால்? மில்லில் தெரிந்துவிட்டால்? மகளுக்கு வரன் பேசும் வேளையில் ஊர் என்ன சொல்லும்?” என்று நாள் கடத்துகிறார். காசநோயோ மாத்திரையால் குணமாகும் நோய். ஆறு மாதம் தவறாது உட்கொண்டால் பெரும்பாலோர் முற்றிலும் நலம் பெறுவர். அவர் அஞ்சுவது நோயை அன்று, ஊர் வாயை. அந்த அச்சத்தால் அவர் உடல் கெடுகிறது. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்று பரவுகிறது. ஆகவே ஒருவரின் இரகசியத்தைக் காப்பது அவருக்கு மட்டுமன்றி ஊருக்கே நன்மை தருவதாம்.

இதனை அக்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வாழ்ந்த ஹிப்போகிராட்டஸ் என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கும் உறுதிமொழியில், சிகிச்சையின்போது கண்டதையும் கேட்டதையும் வெளியில் சொல்வதில்லை என்னும் வாக்கு இடம்பெற்றுள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவு உயிருக்கும் தனிமனித உரிமைக்கும் காவலாக நிற்கிறது. அந்தரங்கம் என்பதும் இப்பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 24-8-2017 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு அது.

மருத்துவர்களுக்கென்றே 2002 இல் நடத்தை விதிகள் வகுக்கப்பட்டன. தொழில்முறையில் அறிந்த நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் வெளியிடலாகாது என்று அவ்விதிகள் கூறுகின்றன. மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தவரின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவற்றைக் கொடுக்க வேண்டும். அயலார்க்கு மறைக்கப்படும் அந்த ஏட்டை நோயாளி தாமே கேட்டுப் பெறலாம் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் படத்தையோ செய்தியையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தருவதைத் தடை செய்கிறது. அதே ஆண்டில் இயற்றப்பட்டு 10-9-2018 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டமோ இன்னும் விரிவானது. ஒருவரின் சம்மதம் பெறாமல் அவருக்கு அத்தொற்று உண்டா என்று பரிசோதிக்கலாகாது. நீதிமன்ற ஆணை இருந்தாலன்றி, தமக்கு அத்தொற்று இருப்பதை வெளியிடும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேற்றுமை காட்டலாகாது. தானமாகக் கிடைக்கும் இரத்தத்தைச் சோதிப்பதற்குத் தனிச் சம்மதம் தேவையில்லை.

நம் மாவட்டம் கற்ற பாடம்

இச்சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு மாதம்கூட நிறையாத வேளையில், 2018 டிசம்பரில், நம் விருதுநகர் மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் துயரத்தோடு பேசப்பட்டது. சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகையுற்ற ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரத்தம் ஏற்றினார்கள். அது சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது பின்னரே தெரிந்தது.

எப்படித் தெரிந்தது? இரத்தம் தந்த இளைஞரே சொன்னார். வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும், தம் இரத்தத்தை எவருக்கும் ஏற்றிவிடக் கூடாதே என்று மருத்துவமனைக்கு அறிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2016 இல் அவர் ஒரு முகாமில் தந்த இரத்தத்திலேயே தொற்று காணப்பட்டது என்றும், அதை எவரும் அவருக்குத் தெரிவிக்கவில்லை என்றும் அப்போது செய்திகள் வெளியாயின.

தம் நிலையை மறைக்காமல் முன்வந்து சொன்னவர் அவர். அவருடைய வயதும் வட்டாரமும் செய்திகளில் வந்தன. சிற்றூர்களில் ஒருவரை இன்னாரென்று அறிய அவ்வளவே போதும். அவற்றை நாம் இங்கு எழுதவில்லை. அந்த டிசம்பர் மாதம் முடிவதற்குள் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 இல் ஆணையிட்டது.

இரத்தத்தைச் சரிவரச் சோதிக்காதது பெருந்தவறு. அதற்கு அப்பாலும் இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டியது உண்டு. தெரிய வேண்டியவருக்கு உரிய காலத்தில் தெரியவில்லை. தெரிய வேண்டாதவர்களுக்கோ தெரிந்துவிட்டது. நோயாளியின் உரிமை என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே. தம் உடலைப்பற்றி அவர் அறிய வேண்டும், அதை எவரெவர் அறியலாம் என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும்.

எச்.ஐ.வி. தொற்றுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து கிடைக்கிறது. அதை நாள்தோறும் உட்கொள்வோர் பல்லாண்டு நலமாக வாழ்கின்றனர். தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பெஞ்சில் அமர்வதாலோ அது பரவாது. எந்த நோயாலோ துயராலோ மனம் உடைந்தவர்கள் 14416 என்னும் எண்ணில் அரசின் டெலிமானஸ் ஆலோசகர்களோடு எந்நேரமும் தமிழில் பேசலாம். வீட்டிலும் பள்ளியிலும் தம்மை நேசிக்கும் ஒருவரிடம் அன்றே சொல்வது அதனினும் நன்று.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எக்காரணத்துக்காகவும் வெளியிடலாகாது. மருத்துவரின் இரகசியம் அத்தகையதன்று. நீதிமன்றம் ஆணையிட்டாலும், பிறர் உயிருக்கு உறுதியான ஆபத்து இருந்தாலும், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தாலும் அவர் சொல்லலாம். ஆனால் சொல்ல வேண்டியவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும்.

சென்னை மருத்துவமனை ஒன்றில் இரத்தம் தந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்த செய்தி வெளிப்பட்டு, அவர் திருமணம் நின்றுபோயிற்று. அவ்வழக்கில் 1998 இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், மணமகளின் உடல்நலத்துக்கும் உரிமை உண்டாகையால் இரகசியம் எல்லையற்றதன்று என்றது. இப்போதுள்ள சட்டம் இதற்கு ஒழுங்கான வழி வகுத்துள்ளது. தொற்றுள்ளவர் தம் துணைவருக்குத் தாமே சொல்லும்படி முதலில் அறிவுரை கூற வேண்டும். அவர் சொல்லாதபோது, துணைவருக்கு ஆபத்து உண்டென்று கண்டால், மருத்துவரோ ஆலோசகரோ அவரிடம் நேரில் தெரிவிக்கலாம். அண்டை வீட்டாருக்கு அந்த உரிமை இல்லை.

காசநோயும் அவ்வாறே. 2012 முதல் ஒவ்வொரு காசநோயாளியைப் பற்றியும் மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும். அரசுக்கு அறிவிப்பது வேறு, தெருவுக்கு அறிவிப்பது வேறு. 2020 இல் கொரோனா நாட்களில் பல ஊர்களில் நோயாளியின் வீட்டு வாசலில் தாள் ஒட்டினார்கள். தகரம் வைத்து அடைத்த இடங்களும் உண்டு. அத்தாளைக் கண்டவர்கள் நோய் தீர்ந்த பின்னும் அவ்வீட்டாரிடம் பேச அஞ்சினர். அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி குறிப்பாக ஆணையிட்டாலன்றி அவ்வாறு ஒட்டலாகாது என்று கூறிற்று.

நோயாளி கேட்டுப் பெறக்கூடியவை

தேசிய மனித உரிமை ஆணையம் 2018 இல் நோயாளர் உரிமைச் சாசனம் ஒன்றைத் தொகுத்தது. அதில் 17 உரிமைகள் இருந்தன. அவை பெரும்பாலும் புதியவை அல்ல. பல சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடந்தவற்றை ஒன்று சேர்த்ததே சாசனம். அன்றாட வாழ்வுக்கு வேண்டியவற்றை மட்டும் இங்குத் தருகிறோம்.

1. என்ன நோய், என்ன சிகிச்சை, எவ்வளவு செலவு என்பதைத் தமக்குப் புரியும் மொழியில் கேட்டறியலாம்.

2. அவசர நிலையில் முதலுதவி மறுக்கப்படலாகாது. விபத்தில் அடிபட்டவரைப் போலீஸ் நடவடிக்கைக்காகக் காக்க வைக்கக் கூடாது, உயிரைக் காப்பதே முதற்கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989 இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது.

3. நோயாளியின் சம்மதமின்றி அறுவை சிகிச்சை செய்யலாகாது. டெல்லியில் ஒரு பெண் நோயைக் கண்டறியும் சோதனைக்கு மட்டும் கையெழுத்திட்டார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயாரின் சம்மதத்தைக் கொண்டு கருப்பையை அகற்றிவிட்டனர். வயது வந்த பெண்ணின் உடலுக்கு அவர் சம்மதமே வேண்டும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் சம்மதமும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2008 இல் கூறிற்று. மாணவியர் இத்தீர்ப்பை மறவாதிருப்பது நல்லது. 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரே சம்மதம் தர வேண்டும்.

4. ஆண் மருத்துவர் பெண் நோயாளியின் உடலைப் பரிசோதிக்கையில் பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும். யாரும் நிறுத்தப்படாவிடில் தயங்காமல் கேளுங்கள்.

5. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். மருந்தையும் பரிசோதனையையும் விரும்பிய இடத்தில் பெறலாம்.

குறை நேர்ந்தால் முதலில் மருத்துவமனைத் தலைவரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் குறைபாடு இருப்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துள் அடங்கும் என்பது 1995 இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். நம் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகப் பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம்.

வீட்டிலும் தெருவிலும் வகுப்பிலும்

சட்டம் மருத்துவரையும் செவிலியரையும் அலுவலகத்தையும் கட்டுப்படுத்தும். பஸ்ஸில் பேசுவோரை, குழாயடியில் நிற்போரை, பெரும்பாலும் அது கட்டுப்படுத்துவதில்லை. அவ்விடத்தில் நம் நாவடக்கமே காவல்.

மருத்துவமனையில் யாரையேனும் கண்டால், “நீங்கள் எதற்கு வந்தீர்கள்?” என்று வரிசையில் நின்றவாறே கேளாதிருப்போம். வார்டில் படுத்திருப்பவரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதிருப்போம். அக்கம்பக்கத்துப் படுக்கையில் இருப்பவரின் முகமும் அதில் விழும் அன்றோ? ஸ்கேன் அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் கண்ட இடத்தில் போட வேண்டாம். வகுப்புத் தோழி பத்து நாள் விடுப்பில் இருந்து திரும்பினால், “நலமா?” என்ற ஒரு கேள்வி போதும். காரணத்தை அவள் விரும்பினால் சொல்வாள்.

காலைச் செபத்தில் நோயுற்றோருக்காக வேண்டுவது நம் பள்ளியின் நல்வழக்கம். அவ்வேளையில் பெயரைச் சொல்லுமுன் அக்குடும்பத்தாரைக் கேட்போம். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, இறைவன் அதை அறிவார். பெற்றோர் தரும் மருத்துவச் சான்றிதழை வகுப்பு மேசைமீது திறந்து வைக்காமல் உறையிலிட்டு வைக்குமாறு ஆசிரியைகளையும் அன்புடன் வேண்டுகிறோம்.

இம்மலரை வாசிக்கும் மாணவியருள் பலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் மருந்தாளுநராகவும் பரிசோதனைக்கூடப் பணியாளராகவும் விளங்கப் போகிறவர்கள். பிறர் இரகசியத்தைக் காக்கும் பயிற்சி அன்று தொடங்குவதன்று. இன்று நம் தெருவில், நம் வகுப்பில் அதைத் தொடங்குவோமாக.

வகுப்பில் கலந்துரையாட:

அ. பக்கத்து வீட்டாருக்குக் காசநோய் என்று அறிந்தால் நீங்கள் அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி யாது? அதை யாரிடமெல்லாம் சொல்லலாகாது?

ஆ. உங்கள் வீட்டில் அண்மையில் மருத்துவமனை சென்றவரின் அறிக்கைகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன? அவற்றைக் காண அவர் யாருக்கு அனுமதி தந்தார்?

இ. சாத்தூர் நிகழ்ச்சியில் அந்த இளைஞருக்கு 2016 இலேயே தனிமையில் அழைத்துச் செய்தி சொல்லப்பட்டிருந்தால் என்னென்ன நேராமல் இருந்திருக்கும்?